எரிக்: சொல்லின் பொருளும் சூட்டியவர் கருத்தும்

இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தமிழ் நாளிதழ் படித்தவர்களுக்கு எரிக் சொல்ஹெய்ம் என்ற பெயர் பழக்கமானது. இலங்கை இனப்போரில் நார்வே சமரசம் பேசிய அந்த நாட்களில், 2002 பிப்ரவரியில் கையெழுத்தான போர்நிறுத்த உடன்படிக்கையை ஒட்டி, கொழும்புச் செய்தியிலும் கிளிநொச்சிச் செய்தியிலும் அவர் பெயர் ஓயாமல் வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் எரிக்சன் என்ற சுவீடன் நிறுவனத்தின் பெயர் கைபேசிகளின் மேல் நம் கைக்கு வந்தது. இரண்டும் ஒரே பெயரிலிருந்து பிறந்தவை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வடஐரோப்பாவில் அறுபடாமல் சூட்டப்பட்டு வரும் ஆண்பெயர் எரிக்.

பெயர் அகராதிகள் இதற்கு 'என்றும் ஆள்பவன்' என்று ஒரு வரியில் பொருள் எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகின்றன. ஆயிரம் ஆண்டுகளாக இந்தப் பெயரைப் பிள்ளைக்கு இட்ட குடியானவர்களும் கடலோடிகளும் அந்தப் பொருளை எண்ணியா இட்டார்கள்? கல்வெட்டு, காசு, அரச வரலாறு, சட்டம், தனிமனித வாழ்க்கை ஆகிய சான்றுகளை வரிசையாகப் பார்த்தால் வேறொரு விடை கிடைக்கிறது. எரிக் என்ற பெயரைச் சூட்டியவர்களும் சூடிக்கொண்டவர்களும் பெரும்பாலும் தேடியது உறவை: தனக்கு முன்னால் வாழ்ந்த இன்னொரு எரிக்கோடு தன்னைச் சேர்த்துக்கொள்ளும் உரிமையை. இக்கட்டுரை நிறுவ விழைவது இதையே.

வேர்

ஸ்காண்டினேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் இப்பெயரின் வடிவம் எய்ரீக்ர். இதில் இரண்டு உறுப்புகள் உள்ளன. பின்னுறுப்பான 'ரீக்ர்' பற்றி ஐயமில்லை. வலிமை மிக்கவன், ஆள்பவன் என்பது அதன் பொருள். ஜெர்மானிய மொழிகள் இச்சொல்லை மிகப் பழங்காலத்தில் கெல்டிக் மொழியிலிருந்து பெற்றன என்பது மொழியியலார் பெரிதும் ஏற்ற முடிவு. இலத்தீனில் அரசனைக் குறிக்கும் 'ரெக்ஸ்', சமஸ்கிருதத்தின் 'ராஜன்' ஆகியவை இதே வேரின் கிளைகள். ஃப்ரெட்ரிக், ஹென்ரிக், உல்ரிக், அலாரிக் எனப் பல பெயர்களின் கடைசியில் நிற்பதும் இந்தச் சொல்தான்.

முன்னுறுப்பில்தான் கருத்து வேறுபாடு. 'ஒன்று, தனி' என்ற பொருளுடைய 'அய்ன' என்பதிலிருந்து வந்தது என்பது ஒரு தரப்பு. அப்படியானால் 'தனித்து ஆள்பவன்'. 'என்றும், காலமெல்லாம்' என்ற பொருளுடைய 'அய்வ' என்பதிலிருந்து வந்தது என்பது மறுதரப்பு. அப்படியானால் 'என்றும் ஆள்பவன்'. நாம் அன்றாடம் வழங்கும் ஆயுள் என்ற வடசொல்லும் இந்த 'அய்வ'வும் ஒரே தொல்வேரைச் சேர்ந்தவை. ஒலிமாற்ற விதிகள் இரண்டு வழிகளையும் அனுமதிப்பதால், பெரும்பாலான பெயர்நூல்கள் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துவிடுகின்றன.

உறுப்புகள் சேர்ந்தால் பொருள் சேருமா?

பழைய ஜெர்மானியப் பெயர்களில் பெரும்பகுதி இப்படி இரண்டு உறுப்புகளால் ஆனவை. வெற்றி, போர், ஓநாய், கழுகு, கடவுள், ஆட்சி, காவல் என ஒரு குறிப்பிட்ட சொற்குவியலிலிருந்து இரண்டை எடுத்துக் கோத்தார்கள். இவற்றை எப்படிப் படிப்பது என்பதில் ஆய்வாளர்களிடையே இரு போக்குகள் உள்ளன. உறுப்புகள் போர்வீரச் சமூகத்தின் விழுமியங்களைக் காட்டுகின்றன, ஆகவே பொருள் முக்கியம் என்பது முதற்போக்கு. குடும்ப உறவைக் காட்டவே உறுப்புகள் கோக்கப்பட்டன, தந்தை பெயரின் ஓர் உறுப்பையும் தாய்வழியின் ஓர் உறுப்பையும் சேர்க்கும்போது மொத்தப் பொருள் என்னவாகிறது என்று யாரும் கவலைப்படவில்லை என்பது இரண்டாவது. போர் என்றும் சமாதானம் என்றும் பொருள்படும் உறுப்புகள் ஒரே பெயரில் சேர்ந்து நிற்கும் எடுத்துக்காட்டுகள் இரண்டாவது தரப்பின் வலுவான சான்று.

எரிக் விஷயத்திலும் இரண்டாவது தரப்புக்குச் சான்று உண்டு. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிய அரசர் வரலாற்றின் முதற்பகுதியில் அல்ரிக், எய்ரிக் என்று இரு சகோதரர் வருகிறார்கள். சுவீடனின் பழங்கதை அரசர்கள் அவர்கள். குதிரையேறிப் போன இருவரும் தலை நசுங்கி இறந்து கிடந்தார்கள், கையில் குதிரைக் கடிவாளம் தவிர வேறு ஆயுதம் இல்லை என்கிறது கதை. பெயர்களைக் கவனியுங்கள்: பின்னுறுப்பு ஒன்றே. முன்னுறுப்புகள் உயிரெழுத்தில் தொடங்குகின்றன. ஜெர்மானியச் செய்யுள் மரபில் எந்த உயிரெழுத்தும் எந்த உயிரெழுத்தோடும் மோனையாகும். மோனையாலும் பொது உறுப்பாலும் அண்ணனும் தம்பியும் பெயரிலேயே கட்டப்பட்டிருக்கிறார்கள். இந்தக் கட்டுதான் அந்தப் பெயரிடலின் நோக்கம்.

வடஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் காலத்தில் இதைவிட நேரான வழக்கம் ஒன்று வலுப்பெற்றது. இறந்த தாத்தாவின், மாமனின், நண்பனின் பெயரை முழுமையாக அப்படியே குழந்தைக்கு இடுவது. பெயரோடு அவருடைய நற்பேறும் குழந்தைக்கு வரும் என்ற நம்பிக்கை சாகாக்கள் எனப்படும் பழைய ஐஸ்லாந்து உரைநடைக் கதைகளில் பல இடங்களில் தெரிகிறது. இந்த வழக்கம் வேரூன்றிய பிறகு, பெயரின் உறுப்புகளுக்கு என்ன பொருள் என்ற கேள்விக்கு இடமே குறைந்துபோயிற்று.

கல்லிலும் காசிலும்

எரிக் என்ற பெயர் அரசருக்கு மட்டும் உரியதாக இருந்ததா? இல்லை என்பதற்குக் கல்லே சாட்சி. இன்றைய ஜெர்மனியின் வடகோடியில், ஷ்லெஸ்விக் அருகே, வைக்கிங் காலத்தில் ஹெடபி என்ற பெரிய வணிக நகரம் இருந்தது. அங்கே கண்டெடுக்கப்பட்ட, ரூன் என்ற பழைய ஜெர்மானிய எழுத்தில் அமைந்த கல்வெட்டுகளுள் ஒன்றுக்கு எரிக் கல் என்றே பெயர். ஸ்வெய்ன் என்ற தலைவனின் படைவீரன் ஒருவன், ஹெடபி முற்றுகையில் மாண்ட தன் தோழன் எரிக்கின் நினைவாக அதை நட்டான். எரிக் ஒரு கப்பல் தலைவன், மிக நல்ல வீரன் என்று கல் சொல்கிறது. நாடில்லை, முடியில்லை, ஆனால் 'ஆள்பவன்' என்று பெயர். பத்தாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இது யாரும் வைத்துக்கொள்ளக்கூடிய பெயராகிவிட்டது.

அதே நூற்றாண்டில் இங்கிலாந்தின் யார்க் நகரில் அச்சான வெள்ளிக்காசுகளில் இப்பெயர் வேறு தோரணையில் நிற்கிறது. வாள் பொறித்த அக்காசுகளில் 'எரிக் ரெக்ஸ்' என்று எழுதியிருக்கிறது. பெயரின் வாலில் உள்ள 'ரிக்', பட்டமாக நிற்கும் இலத்தீன் 'ரெக்ஸ்' ஆகிய இரண்டும் ஒரே வேரின் பிள்ளைகள் என்பது காசை அடித்தவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அந்தப் பெயருக்கே அரசன் என்று பொருள் இருந்தும், அரசன் என்று தனியாக எழுத வேண்டியிருந்தது. அந்த எரிக், 954-இல் வடஇங்கிலாந்தில் கொல்லப்பட்ட நார்வே இளவரசன் 'இரத்தக்கோடரி' எரிக்தான் என்பது மரபான கருத்து. சில வரலாற்றாசிரியர்கள் அதை மறுக்கிறார்கள்.

மூன்றாவது எரிக் எல்லாரையும்விடப் புகழ்பெற்றவன். கொலைக் குற்றத்துக்காக ஐஸ்லாந்திலிருந்து சுமார் 982-இல் நாடுகடத்தப்பட்ட எய்ரிக் தோர்வால்ட்ஸன், மேற்கே கப்பலோட்டி, பனி மூடிய பெருந்தீவின் கரைகளை மூன்றாண்டு ஆராய்ந்தான். நல்ல பெயர் இருந்தால் மக்கள் வந்து குடியேறுவார்கள் என்று கருதி அதற்குப் பசுமை நாடு என்று பெயரிட்டான். அதுவே கிரீன்லாந்து. பெயரின் ஆற்றலை இவ்வளவு தெளிவாக உணர்ந்த இந்த மனிதனை உலகம் 'செந்நிற எரிக்' என்று அவன் தலைமுடி நிறத்தால் அழைக்கிறது. அவன் மகன் லெய்ஃப் எரிக்சன், கொலம்பசுக்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்பே வட அமெரிக்கக் கரையில் இறங்கியவன்.

அடைமொழிகள் தேவைப்பட்ட காலம்

12ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை ஸ்காண்டினேவிய அரியணைகளில் எரிக்குகள் நிறைந்து இருந்தார்கள். டென்மார்க்கில் மட்டும் ஏழு பேர். முதல் எரிக்கை மக்கள் 'என்றும் நல்லவன்' என்றார்கள். அவர் எருசலேம் யாத்திரை போகும் வழியில் 1103-இல் சைப்ரஸில் இறந்தார். நான்காம் எரிக் கலப்பைக்கு வரி போட்டதால் 'ஏர்க்காசு' என்று பெயர் பெற்றார். 1250-இல் அவர் கொல்லப்பட்டபோது தம்பி ஆபேலே கொல்வித்தார் என்று நாடு நம்பியது. ஐந்தாம் எரிக் 1286-இல் ஃபின்டெருப் என்ற ஊரில் ஒரு களஞ்சியத்தில் குத்திக் கொல்லப்பட்டார். நார்வேயில் இரண்டாம் எய்ரிக் 'பாதிரிப் பகைவன்'. சுவீடனில் 1250-இல் இறந்த எரிக் 'குழறுவாயும் முடமும்'.

இந்த அடைமொழிகள் ஒரு முக்கியமான உண்மையைக் காட்டுகின்றன. அவ்வளவு பேருக்கும் ஒரே பெயர் இருந்ததால், ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டும் வேலை அடைமொழிக்குப் போய்விட்டது. பெயரோ சேர்க்கும் வேலையைச் செய்தது. இன்ன குலத்தவன், இன்னாருக்குப் பேரன், இந்த அரியணைக்கு உரியவன் என்பதை அது அறிவித்தது.

உப்சாலாவின் புனிதர்

சுவீடனில் இப்பெயரைக் குடிசைக்குள் கொண்டுபோனவர் எரிக் ஜெட்வார்ட்ஸன். 1160 மே 18 அன்று உப்சாலாவில் எதிரிகளால் கொல்லப்பட்டதாக மரபு சொல்லும் அரசர். உரோமாபுரி முறைப்படி புனிதர் பட்டம் அளிக்காவிட்டாலும் மக்கள் அவரை நாட்டின் காவல் புனிதராக ஏற்றுக்கொண்டார்கள். அவர் எலும்புகள் இன்றும் உப்சாலா பேராலயத்தில் பொன் முலாம் பூசிய வெள்ளிப் பேழையில் இருக்கின்றன. 2014-இல் பேழையைத் திறந்து ஆய்ந்தார்கள். முடிவுகள் 2016-இல் வெளியாயின. 35 முதல் 40 வயதுக்குள் இறந்த, நல்ல உடற்கட்டுள்ள ஆணின் எலும்புகள் அவை. கால்களில் வெட்டுக்காயங்கள், கழுத்தெலும்பில் ஆழ்ந்த வெட்டு. ஒரு முழங்கால் கீழெலும்பு மட்டும் வேறொருவருடையது. நூறாண்டுக்கு மேல் கழித்து எழுதப்பட்ட புனிதர் கதையோடு இந்தக் காயங்கள் பெருமளவு ஒத்துப்போகின்றன.

ஸ்டாக்ஹோம் நகரத்தின் சின்னத்தில் இருப்பது அவருடைய தலை. மே 18 சுவீடன் நாட்காட்டியில் இன்றும் எரிக் நாள். பயிர் கதிர் விடும் பருவத்தையும் அறுவடையையும் இணைத்து, எரிக் கதிர் கொடுத்தால் ஜூலை 29-க்குரிய ஓலாஃப் அப்பம் கொடுப்பார் என்ற கருத்தில் உழவர்கள் ஒரு பழமொழியும் வைத்திருந்தார்கள். பால்டிக் கடலின் மறுகரையில், எரிக் அரசர் சிலுவைப் போர் நடத்திக் கிறித்துவத்தைக் கொண்டுவந்தார் என்ற மரபுள்ள பின்லாந்தில், இப்பெயர் எர்க்கி என்று மண்ணின் ஒலிக்கேற்ப மாறி முழுக்க உள்ளூர்ப் பெயராகவே நிலைத்தது. மகனுக்கு எரிக் என்று பெயரிட்ட உழவன் அவனை அரசனாக்கக் கனவு காணவில்லை. ஒரு காவலரின் கைக்குள் பிள்ளையை ஒப்படைத்தான்.

சூடிக்கொண்ட பெயர்

உறவைக் கோருவதுதான் இப்பெயரின் உண்மையான பயன் என்பதற்கு மிகக் கூர்மையான சான்று 1389-இல் கிடைக்கிறது. டென்மார்க், நார்வே, சுவீடன் மூன்றையும் ஒன்றாகக் கட்டியாண்ட அரசி மார்கரெட்டுக்கு ஒரே மகன் இறந்துபோனான். வாரிசாக அவர் தன் அக்காளின் பேரனைத் தேர்ந்தெடுத்தார். பால்டிக் தென்கரையில் பொமரேனியாவில் பிறந்த அந்தச் சிறுவனின் பெயர் போகிஸ்லாவ். ஸ்லாவியப் பெயர். வடநாட்டு அரியணைக்கு அது ஒட்டாது. பெயரை எரிக் என்று மாற்றினார்கள். 1397-இல் கால்மர் நகரில் முடிசூட்டப்பட்டபோது, மூன்று நாடுகளிலும் முன்பே அரசாண்ட எரிக்குகளின் வரிசையில் அவர் இயல்பாகப் போய் நின்றார். மூன்று நாட்டினரும் தம்முடையது என்று கொள்ளக்கூடிய பெயர் அது. பெயர் அவரைக் காப்பாற்றவில்லை. 1439 வாக்கில் அரியணைகளை இழந்து, கோட்லாந்துத் தீவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, 1459-இல் பிறந்த மண்ணிலேயே இறந்தார்.

அடுத்த சான்று எண்ணில் இருக்கிறது. சுவீடன் அரசர் குஸ்தாவ் வாசாவின் மூத்த மகன் எரிக், 1560-இல் சுவீடன் அரியணை ஏறியபோது தன்னைப் பதினான்காம் எரிக் என்று அழைத்துக்கொண்டார். அதற்கு முன் பதின்மூன்று எரிக்குகள் ஆண்டதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. உப்சாலாவின் கடைசிக் கத்தோலிக்கப் பேராயர் ஜொஹானஸ் மாக்னுஸ் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1554-இல் உரோமில் வெளிவந்த வரலாற்று நூல், நோவாவின் பேரப்பிள்ளைகள் வரை நீளும் கற்பனை அரசர் பட்டியலைக் கொண்டது. எரிக் எண்ணியது அந்தப் பட்டியலை வைத்து. பிரபுக்கள் நிலையிலிருந்து எழுந்து அரியணை பிடித்த புதிய குலத்துக்குப் பழமை தேவைப்பட்டது. பெயரும் எண்ணும் அதைக் கொடுத்தன. அவர் தம்பி கார்ல் தன்னை ஒன்பதாம் கார்ல் என்று அழைத்துக்கொண்டதும் இதே நூலால்தான். இன்றைய சுவீடன் மன்னர் பதினாறாம் கார்ல் குஸ்தாவ் என்பதில் அந்தக் கற்பனை எண்ணிக்கை இன்னும் வாழ்கிறது.

பதினான்காம் எரிக் மனம் பேதலித்து, 1568-இல் தம்பிகளால் சிறைப்பட்டு, 1577-இல் காவலிலேயே இறந்தார். 1958-இல் வெஸ்டெரோஸ் பேராலயத்தில் அவர் கல்லறையைத் திறந்து ஆய்ந்தபோது எலும்பில் ஆர்செனிக் நஞ்சு காணப்பட்டது. அதன்பின் ஸ்காண்டினேவியாவில் எந்த அரசரும் எரிக் என்ற பெயரில் முடிசூடவில்லை.

தந்தை பெயராக

அரியணையை விட்டு நீங்கிய பெயர் வயல்வெளியில் பெருகியது. காரணம் தந்தைவழிப் பெயர் முறை. எரிக்கின் மகன் எரிக்சன், மகள் எரிக்ஸ்டோட்டர். தாத்தா பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமும் சேர்ந்துகொண்டதால், ஒரு பண்ணைவீட்டில் எரிக் ஆண்டர்சன், அவர் மகன் ஆண்டர்ஸ் எரிக்சன், அவர் மகன் மறுபடி எரிக் ஆண்டர்சன் என்று இரண்டு பெயர்கள் தலைமுறைகளுக்கு மாறி மாறி வரும். மூதாதையரை மறக்காமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை.

பின்னர் அரசுகள் தலையிட்டன. டென்மார்க் 1828-இல் நிலையான குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கும் ஆணை பிறப்பித்தது. சுவீடனில் 1901-இல் ஒழுங்குமுறை வந்தது. நார்வேயில் 1923-இல் சட்டம். ஒரு தலைமுறையில் வாழ்ந்த ஏதோ ஓர் எரிக்கின் பெயர் அப்படியே உறைந்து, எல்லாத் தலைமுறைக்கும் குடும்பப்பெயரானது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் புகழ்பெற்ற இரும்புக் கவசக் கப்பல் மானிட்டரை 1861-இல் வடிவமைத்த சுவீடன் பொறியாளர் ஜான் எரிக்சனின் தந்தை பெயர் ஓலோஃப். பழைய முறைப்படி அவர் ஓலோஃப்சன் ஆகியிருக்க வேண்டும். அவர் வீட்டில் பெயர் சட்டத்துக்கு முன்பே உறைந்துவிட்டது. 1876-இல் ஸ்டாக்ஹோமில் தந்திக் கருவி பழுதுபார்க்கும் பட்டறை தொடங்கிய லார்ஸ் மாக்னுஸ் எரிக்சன் வழியாக அதே பெயர் உலகமெங்கும் தொலைபேசியோடு பரவியது. இன்று சுவீடனில் மிகுதியாக வழங்கும் குடும்பப்பெயர்களுள் எரிக்சன் ஒன்று. ஐஸ்லாந்து மட்டும் 1925-இல் எதிர்த்திசையில் சட்டம் இயற்றி, புதிய குடும்பப்பெயர்களைத் தடுத்தது. அங்கே எய்ரிகுரின் மகள் இன்றும் எய்ரிக்ஸ்டோட்டிர். அவள் தந்தை உண்மையிலேயே எய்ரிகுர்.

கடல் கடந்த எரிக்

ஆங்கிலேயரிடையே இப்பெயர் 19ஆம் நூற்றாண்டில் புத்துயிர் பெற்றது. வைக்கிங் பழமையில் விக்டோரியா காலத்தவர் கொண்ட மோகம் ஒரு காரணம். பம்பாயில் பிறந்த பாதிரியார் எஃப். டபிள்யூ. ஃபரார் 1858-இல் எழுதிய எரிக் என்ற பள்ளிச் சிறுவன் கதை இன்னொரு காரணம். நன்னெறி போதிக்கும் அந்த நாவல் பல பதிப்புகள் கண்டது. 1903-இல் பீகாரின் மோதிஹாரியில் பிறந்த எரிக் பிளேர் தன் பெயரை விரும்பவில்லை. ஜார்ஜ் ஆர்வெல் என்ற புனைபெயரில் உலகப் புகழ் பெற்றார். பிரான்சில் இதற்கு நேர்மாறு. நார்மண்டியில் 1866-இல் பிறந்த இசையமைப்பாளர் எரிக் சாட்டி, பிரெஞ்சு முறைப்படி 'சி' எழுத்தில் முடிந்த தன் பெயரை ஸ்காண்டினேவிய முறைப்படி 'கே' எழுத்துக்கு மாற்றி எழுதத் தொடங்கினார். வைக்கிங்குகள் குடியேறிய மண்ணில் பிறந்தவர் அவர்களோடு உறவு கொண்டாடினார்.

உறவுக்கான ஏக்கம் இப்பெயரில் மிக ஆழமாகத் தெரிவது உளவியலாளர் எரிக் எரிக்சனிடம். 1902-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் டேனிய யூதத் தாய்க்குப் பிறந்த அவருக்குத் தன்னைப் பெற்ற தந்தை யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. வளர்ப்புத் தந்தையின் ஹோம்பர்கர் என்ற பெயரோடு வளர்ந்தார். 1939-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்பதைக் குடும்பப்பெயராகத் தானே தேர்ந்துகொண்டார். எரிக்கின் மகன் எரிக்: தந்தையும் தானே, மகனும் தானே. அடையாள நெருக்கடி என்ற கருத்தை உலகுக்குத் தந்தவர் அவரே. 1918 அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் போராட்டத்தை மையமாக வைத்து காந்தியைப் பற்றி அவர் 1969-இல் எழுதிய நூலுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

இன்றைய வழக்கு

இன்று சுவீடனிலும் டென்மார்க்கிலும் எரிக், நார்வேயில் எரிக்கும் எய்ரிக்கும், பரோயே தீவுகளிலும் ஐஸ்லாந்திலும் எய்ரிகுர் வகை வடிவங்கள், பின்லாந்தில் எர்க்கியும் ஏரிக்கும், ஜெர்மன் மொழியில் எரிஹ். பெண்பாலில் எரிகா. சென்ற நூற்றாண்டின் நடுவில் சுவீடனில் லார்ஸ்-எரிக், கார்ல்-எரிக், யான்-எரிக் என்ற இரட்டைப் பெயர்கள் எங்கும் ஒலித்தன. அதற்குப் பின் பழையதாகத் தோன்றிய பெயர், 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் குழந்தைப் பெயர்களின் முன்வரிசைக்கு மீண்டது. இரண்டாம் பெயராக, அதாவது அழைக்கப் பயன்படாமல் சான்றிதழில் மட்டும் நிற்கும் பெயராக, இதைத் தாங்கியிருக்கும் சுவீடன் ஆண்கள் மிகப் பலர். அழைக்கப் பயன்படாத பெயரை ஏன் இட வேண்டும்? தாத்தாவுக்காக. யாரும் கூப்பிடாத அந்த இடத்தில்தான் இப்பெயரின் வேலை மிகத் தெளிவாகத் தெரிகிறது.

முடிவுரை

பெயரின் பொருளை அறிய வேர்ச்சொல் ஆராய்ச்சி இன்றியமையாதது. எரிக் என்ற பெயர் எந்த மொழிக்குடும்பத்தில், எத்தகைய சமூகத்தில் பிறந்தது என்பதை வேர்தான் சொல்கிறது. ஆனால் பிறந்த பின் அது எப்படி வாழ்ந்தது என்பதை வேர் சொல்வதில்லை. 'என்றும் ஆள்பவன்' என்ற பெயர் தாங்கிய அரசர்களில் கொல்லப்பட்டவர்களும் துரத்தப்பட்டவர்களும் மிகுதி. வேர்ப்பொருளுக்காகவே பெயர் சூட்டப்பட்டிருந்தால், இத்தனை தோல்விகளுக்குப் பின் அது கைவிடப்பட்டிருக்கும். கைவிடப்படவில்லை, ஏனென்றால் பெயரிட்டவர்களின் நோக்கம் வேறு. ஹெடபியின் தோழன், உப்சாலா உழவன், அரசி மார்கரெட், தந்தையறியாத உளவியலாளர் ஆகிய அனைவருக்கும் எரிக் என்ற ஒலி ஒருவரை இன்னொருவரோடு சேர்த்துவைக்கும் உறவுச்சொல்லாக இருந்தது.

பெயர் ஆய்வில் ஈடுபடுவோர் இதை ஒரு முறையியல் பாடமாகவும் கொள்ளலாம். ஒரு பெயருக்கு என்ன பொருள் என்று கேட்பதோடு, யார் பெயரை யாருக்கு, எந்தக் கட்டத்தில், எதற்காக இட்டார்கள் என்றும் கேட்க வேண்டும். அகராதி தரும் ஒற்றை வரி அந்த ஆய்வின் முதற்படி மட்டுமே. கல்வெட்டும் காசும் திருமுழுக்குப் பதிவேடும் சட்டமும் தனிமனித வரலாறும் சேர்ந்தே ஒரு பெயரின் முழுப்பொருளைத் தர முடியும். எரிக்கைப் பொறுத்தவரை அந்தப் பொருள் தனித்து ஆள்வது அல்ல. தனித்து விடப்படாமல் இருப்பது.